சி டிரைவ் டி ஆன இரவு

பயிர்க் காப்பீட்டுப் பக்கத்தைத் திறந்தால்
முதலில் அவள்தான் வருவாள்.
மஞ்சள் சட்டை, வாய் நிறையப் பல்.
'வாழ்த்துகள்! இன்றைய பத்து லட்சமாவது ஆள் நீங்கள்.'
பக்கிரிசாமி மூன்று தடவை வந்தார்,
மூன்று தடவையும் பத்து லட்சமாவது ஆள் அவர்தான்.
'காரு குடுக்குறேங்குது, வாங்கிப் போட்டுருவமா' என்பார்
அடங்கலைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு.

நேற்று மதியம் அவளை ஒழிப்பதென்று
மூன்று பெயரில் ஒளிந்திருந்ததைத்
தேடித் தேடி நீக்கினேன்.
கடைசியாய்ப் போனது, போகும்முன் கேட்டது:
நிச்சயமாகவா?
நிச்சயமாக.

நீலம். கறுப்பு. வட்டமாய்ச் சுற்றும் புள்ளிகள்.
நீலம். கறுப்பு.
பழுது பார்க்கத் தயாராகிறேன் என்றது.
நீடாமங்கலம் ரயில்வே கேட் இரண்டு முறை மூடித் திறந்தது.
அது தயாராகிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கடைசித் தேதி.
உள்ளே நாற்பத்தோரு பேரின் அடங்கல், ஆதார், பாஸ்புக்.
வெளியே நாலாம் நாள் மழை.

'களை பறிக்கையில பயிரும் சேந்து வந்துருச்சு'
பெஞ்சிலிருந்து யாரோ.
இந்த ஊரில் பல்வலிக்கும் வயலிலிருந்துதான் உவமை.
எனக்கு வயல் இல்லை. தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர்,
இன்னும் ஏழு தவணை பாக்கி.
உவமை வேண்டாம், டெஸ்க்டாப் வேண்டும்.

மன்னார்குடி இலியாஸ் போனில்:
'ஃபார்மட் அடிச்சிரலாம்க்கா. அரை மணி நேரம்.'
அடிச்சா?
'எல்லாம் போயிரும். ஆனா புதுசு மாதிரி ஓடும்.'
ஓடி?
மூச்சு விடும் சத்தம்.
'சரி, ஒரு பென்டிரைவ் எடுங்க.'

எல்ஐசி அசோக்ராஜிடம் லேப்டாப்பும் இருந்தது,
பென்டிரைவும் இருந்தது, அதில்
மகளின் காதுகுத்து வீடியோ.
'அழிஞ்சிருமா?'
அழியும்.
போனில் ஒரு பிரதி இருக்கிறதா என்று பார்த்தார்.
இருந்தது. இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

ராத்திரி பதினொன்று.
கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் வரும் மீட்புத் திரை.
சி-யில் தேடினேன். ஒருவரும் இல்லை.
நாற்பத்தோரு பேரும் இல்லை.
உள்ளங்கை சில்லிட்டுப் போனது.
'டி-ல பாருங்கக்கா. இங்கேருந்து பாத்தா
உங்க சி-க்குப் பேரு டி.'

இருந்தார்கள்.
தலைகீழாய் ஸ்கேன் செய்த ரெங்கம்மாள் பட்டா உட்பட.

முதலில் அவர்களை வெளியே எடுத்தோம்,
வைத்தியம் அப்புறம்.
அவள் போனாளே தவிர
பெயரை எடுத்துப்போகவில்லை.
எழுந்ததும் கம்ப்யூட்டர் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறது,
பதில் இல்லை, விழுகிறது,
எழுந்து மறுபடி கூப்பிடுகிறது.
அவ்வளவுதான் நோய்.

இலியாஸ் எழுத்தெழுத்தாய்ச் சொன்னான்.
கோடு எந்தப் பக்கம் சாயும் என்பதிலேயே
பத்து நிமிடம் போனது.
தப்பு, தப்பு, இடைவெளி விடணும், மறுபடி அடிங்க.
பெயரை அழித்தேன்.

ஒன்று நாற்பதுக்கு
என் மகன் ஆண்டுவிழாவில் மயில் வேஷத்தில்
திரை முழுக்க நின்றான்.
அழவில்லை. டீ கிடைக்குமா என்று வெளியே பார்த்தேன்,
ஸ்டேஷன் கடையும் சாத்தியிருந்தது.

பிரிண்டரை மட்டும் அதற்கு அடையாளம் தெரியவில்லை.
காலையில் ரசீது எண்களைக்
கையால் எழுதிக் கொடுத்தேன்.

பக்கிரிசாமி முழங்கால் வரை சேற்றோடு வந்தார்.
பக்கம் திறந்தது. பெயர், சர்வே எண், பரப்பு.
எட்டித் திரையைப் பார்த்தார்.
'எங்கம்மா அந்தப் புள்ள?'
போயிருச்சு. இனிமே வராது.
'ம்' என்றார்.
'பணம் கட்டுற எடத்துல
வாழ்த்து சொன்னது அது ஒண்ணுதான்.'

மடியிலிருந்து நோட்டுகளை எடுத்தார். எல்லாம் ஈரம்.
ஃபேனைக் கூட்டிவைத்துக்
கீபோர்டின் மேல் ஒவ்வொன்றாய்ப் பரப்பினேன்.